குளிர்குருதிப் பிராணிகளின் வைரசு நோய்கள்

முள்ளந்தண்டுள்ள பிராணிகளை மீன்கள், ஈரூடகவாழிகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள் என ஐந்து வகுப்புக்களாகப் பிரித்துக் கற்பது மரபு. இவற்றுள் பின்னைய இரண்டும் தம் உடல் வெப்பத்தைத் தாமே ஆக்கி ஏறக்குறைய ஒரே நிலையிற் காப்பன. முன்னைய மூன்றும் பெரும்பாலும் அங்ஙனமல்ல. சூழவுள்ள நீரும் நிலமும் குளிர்ந்தால் அவற்றின் உடலும் குளிரும். வெப்பமுற்றால் அதுவும் வெப்பமுறும். இதுபற்றியே அவை குளிர்குருதிப் பிராணிகள் எனப்பட்டன. உண்மையில் அவற்றின் குருதி எப்பொழுதும் குளிர்ந்திருப்பதன்று. நண்பகல் வெயிலிற் கிடக்கும் பாலைநிலப் பல்லியின் குருதி மனிதக் குருதியினும் வெப்பமாதல் கூடும். உடற்றொழிலியலிற் சிறு செய்தியாகத் தோன்றும் இவ்வேறுபாடு, நோயியலிற் பெருஞ் செய்தியாகின்றது.

வைரசு என்பது தானே உண்டு வளரும் உயிரன்று. பாரம்பரியச் செய்தியைத் தாங்கிய நியூக்கிளிக்கமிலத்தையும், அதனைச் சூழ்ந்த புரதவுறையையும் கொண்ட நுண்டுணிக்கையே அது. உயிருள்ள ஒரு கலத்துட் புகுந்து, அக்கலத்தின் தொழிலமைப்பைத் தன்வயப்படுத்தியே அது பெருகும். கலத்தினுள் நிகழும் இரசாயனத் தாக்கங்கள் யாவும் வெப்பநிலையைச் சார்ந்தவை. வைரசின் பெருக்கமும் அவ்வாறே. பாலூட்டியின் உடலில் வெப்பநிலை ஏறத்தாழ மாறாதிருத்தலின் இச்சார்பு வெளித் தோன்றுவது அரிது. தவளையின் உடலிலோ பருவந்தோறும் வெப்பநிலை மாறுதலின், நோயும் பருவந்தோறும் வேறு முகங் காட்டும்.

இதனைத் தெளிவாகக் காட்டியது ஒரு தவளை நோயே. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து நோயியலறிஞர் பால்டுயின் லூக்கே, வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளையின் சிறுநீரகத்திற் காணப்படும் ஒருவகைப் புற்றுநோயை 1934 இல் விரித்துரைத்தார். அதற்கு வைரசே காரணமாதல் கூடுமெனப் பின்னர் அவர் கருதினார். குளிர்காலத்திற் பிடிபட்ட தவளைகளின் புற்றுக் கலங்களில் வைரசின் அடையாளங்கள் காணப்பட்டன. கோடையிற் பிடிபட்டவற்றில் அவை காணப்படவில்லை. ஆனால் அக்கோடைப் புற்றைக் குளிரில் வைத்தால் வைரசு மீண்டுந் தோன்றியது. வைரசு குளிரிற் பெருகிற்று. புற்றோ வெப்பத்தில் உடலெங்கும் பரவிற்று. அவ்வைரசு ஹெர்ப்பீசுக் குடும்பத்தது எனப் பிற்காலத்தில் அறியப்பட்டது.

இப்புற்றின் வைரசைத் தேடிய முயற்சியே எதிர்பாராத வேறொரு வைரசைக் கண்டறியக் காரணமாயிற்று. அலன் கிரனோவ் என்பாரும் அவருடைய துணைவரும் சிறுத்தைத் தவளைகளின் சிறுநீரகங்களிலிருந்து பல வைரசுக்களைப் பிரித்தெடுத்து 1965 இல் அச்செய்தியை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று 'தவளை வைரசு 3' எனப் பெயர் பெற்றது. அது புற்றுள்ள சிறுநீரகத்தில் மட்டுமன்றி நலமான சிறுநீரகத்திலும் இருந்தது. எனவே புற்றுக்குக் காரணம் அதுவன்று. அது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் ஆறாயிரத்திலொரு பங்கு அளவினது. இருபது முகங்களையுடைய உறையினுள் டி.என்.ஏ. யைக் கொண்டது. இதனையும் இதன் இனத்தனவற்றையும், தவளையைக் குறிக்கும் 'இரானா' என்னும் இலத்தீன் சொல்லடியாக, 'இரானாவைரசுக்கள்' என வழங்குவர்.

நெடுங்காலம் ஆய்வுகூடத்துப் பொருளாகவே மதிக்கப்பட்ட இவ்வினத்தின் கொடுமை பின்னரே புலனாயிற்று. 1980 களின் பிற்பகுதியிலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக் குளங்களில் தவளைகள் கூட்டங்கூட்டமாக மாண்டன. சிலவற்றின் தோலிற் புண்கள் தோன்றின. வேறு சிலவற்றின் உள்ளுறுப்புக்களிற் குருதி கசிந்திருந்தது. பாதிக்கப்பட்ட குளங்கள் சிலவற்றை ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, நோய் திரும்பத் திரும்ப வந்த இடங்களில் முதிர்ந்த தவளைகளின் தொகை 80 வீதமளவிற் குறைந்திருந்தது. முதிர்ந்தவை அழிந்தால் முட்டையிடுவார் இல்லை. முட்டை இல்லையேல் வாற்பேய் இல்லை. வாற்பேய் இல்லையேல் அக்குளத்துக்கு எதிர்காலமும் இல்லை.

மீன்களின் கதையும் இதனை ஒத்ததே. அவுஸ்திரேலியாவின் விற்றோரியா மாநிலத்தில் 1985 இல், செஞ்சிறைப் பேர்ச்சு என்னும் மீனிலிருந்து ஓர் இரானாவைரசு பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் உள்ள, குருதியை ஆக்கும் இழையங்களை அது அழிப்பது. வானவில் திரவுட் மீனையும் அது தாக்கியது.

வகுப்பெல்லைகளை இவ்வைரசுக்கள் மதியாமையே இங்கு வியப்புக்குரியது. குவீன்சுலாந்து மாநிலத்தில் போல் என்னும் இடத்தில் வளைவாழ் தவளையொன்றிலிருந்து பெறப்பட்ட வைரசைப் பரிசோதனையாக மீன்குஞ்சுகளுக்கு ஊட்டியபோது, அவை மாண்டன. அம்மீன் வேறன்று, இலங்கையின் களப்புக்களிலும் வாழும் கொடுவா மீனே. அதே வைரசு ஆமைக்குஞ்சுகளையும் தாக்கவல்லது எனப் பின்னர்க் காணப்பட்டது. 1998 இல் இந்தோனேசியாவிலிருந்து களவாக அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இளம் பச்சை மலைப்பாம்புகளிலும் இரானாவைரசு இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பெட்டி ஆமைகளும் இவ்வினத்தினால் இறந்துள்ளன. ஒரு குளத்திற் கூடிவாழும் மீனும் தவளையும் ஆமையும் ஒரே நீரையும் ஒத்த வெப்பத்தையும் பகிர்வன. நூலிற் பிரிந்து நிற்கும் மூன்று வகுப்புக்கள் வைரசின் முன் ஒரு குடும்பமாதல் கூடும்.

அவ்வாறாயின் இவ்வைரசு மனிதனைத் தாக்காததேன்? தவளை வைரசு 3 ஏறக்குறைய 12 பாகை முதல் 32 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பத்திலேயே பெருகவல்லது. மனிதவுடலின் 37 பாகையில் அது பெருகாது. மனிதனைக் காக்கும் அரண்களுள் அவனது உடல் வெப்பமும் ஒன்று.

குளிர்குருதிப் பிராணிகளிடத்தும் வெப்பம் அரணாதல் உண்டு. அரிசோனா மாநிலத்துப் புலிச் சலமந்தர் என்னும் வாலுள்ள ஈரூடகவாழிக்கு அதனைத் தாக்கும் இரானாவைரசை ஊட்டி ஆராய்ந்தனர். 18 பாகையில் வைத்தவை ஏறக்குறைய யாவும் மாண்டன. 26 பாகையில் வைத்தவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன. கோய் கெண்டையின் ஹெர்ப்பீசு நோய் பற்றி 2017 இல் வெளிவந்த ஆய்வொன்று இதனினும் சுவையானது. வெப்பம் வேறுபட்ட அறைகளையுடைய தொட்டியில் நோயுற்ற கெண்டைகள் தாமே 32 பாகையுள்ள அறையை நாடிச் சென்று பிழைத்தன. அங்குச் செல்லவியலாதவை மாண்டன. உடலினுட் காய்ச்சலை ஆக்கவியலாத மீன், வெளியே காய்ச்சலைத் தேடிக்கொண்டது எனலாம். எனினும் வெப்பம் எவ்விடத்தும் மருந்தாகும் எனக் கொள்ளலாகாது. இங்கிலாந்துத் தவளைகளின் சாவுகள் வெப்பமான கோடை மாதங்களிலேயே மிக்கன. ஒவ்வொரு வைரசுக்கும் ஒவ்வொரு பிராணிக்குமிடையே ஏற்படும் சமநிலை வேறு வேறானது.

குளத்துக்குக் குளம் வைரசு தானாகச் செல்லுந் தூரம் சிறிது. அதனைக் கண்டங்கடந்து கொண்டுசெல்பவன் மனிதனே. மேற்கு அமெரிக்காவிற் சலமந்தர்க் குடம்பிகளைத் தூண்டில் இரையாக விற்று வந்தனர். அவ்விரையுடன் நோயும் ஏரிக்கு ஏரி சென்றமை ஆய்வுகளிற் புலனாயிற்று. கோய் கெண்டையின் ஹெர்ப்பீசு நோய் 1998 இல் இசுரேலிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வெளிப்பட்டது. அழகுமீன் வாணிகத்தின் வழியே பல நாடுகளை அடைந்தது. இவ்வபாயத்தை உணர்ந்தே, பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட உலக விலங்குநல அமைப்பு, ஈரூடகவாழிகளின் இரானாவைரசுத் தொற்றை 2008 இல், நாடுகள் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலிற் சேர்த்தது.

காட்டுக் குளத்துத் தவளைக்கு மருந்தூட்டுதல் இயலாது. ஆகவே வருமுன் காத்தலே வழி. புதிதாகப் பெற்ற மீனைச் சில வாரம் தனித் தொட்டியில் வைத்து நோக்குதல், வலையையும் பாதணியையும் ஒரு குளத்தினின்று மறுகுளத்துக்குக் கொண்டுசெல்லுமுன் கழுவித் தொற்றுநீக்கி உலர்த்துதல், வளர்த்துச் சலித்த மீனையோ ஆமையையோ குளத்தில் விடாதிருத்தல் என்பன எளியவை. ஆயினும் பயன் மிக்கவை.

இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட ஈரூடகவாழி இனங்கள் உள. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில ஏற்கெனவே அழிந்தொழிந்தன. இந்நாடு அழகுமீன்களைப் பிறநாடுகளுக்கு அனுப்புவதுமாகும். வீடுகளில் மீன்தொட்டி வைப்போரும் பலர். தொட்டி மீன் மிகுந்துவிட்டால் அதனை அயலிலுள்ள குளத்தில் விடுவது இரக்கச் செயலாகவே பலருக்குத் தோன்றும். விடப்படும் மீனோடு விடப்படுவது யாது என்பது கண்ணுக்குத் தெரியாது. அக்குளத்திலே மாரிதோறும் ஒலிக்கும் தவளைக் குரல் ஓர் ஆண்டு ஒலியாதொழியும்போதே அது தெரியவரும். அப்பொழுது செய்யக்கூடியது அதிகமிராது.