முன்சக்கரத்தில் ‘டொக் டொக்’

தீபாவளிக்கு ஈப்போ புறப்பட ஒரு வாரம்தான் இருந்தது. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய என் கார், மேடு ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்றது.

“அப்சார்பர் போச்சு, நான்கையும் மாற்றணும்” என்றார்கள் ஒரு பட்டறையில். விலையைக் கேட்டதும், பெருநாள் முடியட்டும் என்று திரும்பிவிட்டேன்.

ஆனால் மனம் கேட்கவில்லை. பின் இருக்கையில் பிள்ளைகள் வருகிறார்களே! வீட்டருகே இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் காரைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு அடியில் கம்பியால் நெம்பிக் காட்டினார்.

“அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இல்லை, தம்பி. லோவர் ஆர்ம் பால் ஜாயிண்ட்தான் தேய்ந்திருக்கு. ஓடும்போது இது கழன்றால் சக்கரம் சாய்ந்துவிடும். ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.”

ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண்ணும் மழைநீரும் உள்ளே புகுந்திருந்தன. இரு பக்கமும் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்தோம். முதலில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் ரப்பர் உறைகளையும் புஷ்களையும் பார்க்கச் சொல்கிறேன். அப்சார்பரில் எண்ணெய் கசிந்தாலோ, பள்ளத்தைத் தாண்டிய பிறகும் கார் குதித்துக்கொண்டே இருந்தாலோ அதை மாற்றத்தான் வேண்டும். இடமும் வலமும் சேர்த்தே. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அதையும் கவனியுங்கள்.

சத்தம் கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். காசு கொடுக்கும் முன், “எது தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள்” என்று கேளுங்கள். அன்று நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.