கோப்பு தானாகச் சொல்லாது

எழுத்துக் கோப்பு ஒன்றைத் திறந்ததும் திரையில் தமிழ் தெரிகிறது. கோப்புக்குள்ளும் தமிழே இருப்பதாக நம்பிவிடுகிறோம். உள்ளே இருப்பவை பைட்டுகள், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்கள். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்குக்குத்தான் குறியேற்றம் என்று பெயர். சாதாரண எழுத்துக் கோப்பில் அந்தக் கணக்கு இன்னது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. கோப்பைக் கையாள்பவர் அதை அறிந்து நிரலுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கணினியின் ஊகத்துக்கு விடக் கூடாது.

தமிழ் இதற்குக் கொடுத்த விலை பெரிது. யூனிகோடு பரவும் முன் எழுத்துருவுக்கு ஒரு கணக்கு இருந்தது. பாமினி எழுத்துருவில், ஆங்கிலச் சிறிய எம் எழுத்துக்குரிய எண்ணில் ‘அ’ உட்கார்ந்திருந்தது. திஸ்கி ஒரு முறை. 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் வேறு முறைகள். எழுத்துரு தொலைந்தால் கட்டுரையே தொலைந்தது போலத்தான். ஆனால் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களின் தலைப்பிலேயே ‘திஸ்கி’ என்று எழுதிவைத்தது. பின்னாளில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுபவர் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒற்றை வரிக் குறிப்பின் மதிப்பு அவ்வளவு.

இப்போது எல்லாம் யூனிகோடின் யூடிஎஃப்-8 முறைக்கு மாறிவிட்டதே, மென்பொருளே கண்டுபிடித்துவிடுமே என்று கேட்கலாம். பாதி உண்மை. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட்டு; முதல் பைட்டு எப்போதும் 224. இத்தகைய கண்டிப்பான ஒழுங்கு இருப்பதால் அதை அடையாளம் காண்பது எளிது. ஆனால் பாமினிக் கோப்பைப் பெரும்பாலும் ஆங்கில விசைப்பலகைக் குறிகளே நிரப்புகின்றன. சோதிக்கும் மென்பொருளுக்கு அதில் குறையே தெரியாது. பிழையில்லாத ஆங்கிலக் கோப்பு என்று சான்று கொடுத்துவிடும். திரையில் குப்பையாகத் தெரிவதுகூடப் பெரிய ஆபத்தில்லை, சரியான கணக்கைச் சொன்னால் எழுத்து திரும்பிவிடும். உண்மையான இழப்பு சேமிக்கும்போது நேர்கிறது. தமிழுக்கு இடமே இல்லாத பழைய ஒற்றை பைட்டு முறையில் சேமித்தால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்க வழியில்லை. அதனால் மாற்றத்தைத் தொடங்கும் முன் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைக் கை படாமல் வைத்திருப்பது கட்டாயம்.

முழுக்க யூனிகோடு என்றாலும் கவனம் தேவை. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒரே ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகளை ஒப்பிடும் தேடலுக்கு வேறு. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வரி முடிவிலும் இதே கதைதான். பழைய தொலைத்தட்டச்சுக் கருவியில் அச்சுத் தலையை இடப்பக்கத் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒரு கட்டளை, தாளை நகர்த்த ஒன்று. விண்டோஸ் இரண்டையும் (13, 10) வைத்துக்கொண்டது. யூனிக்ஸ் வழி வந்தவை 10 மட்டும் போதும் என்றன. விண்டோஸில் தயாரித்த சொற்பட்டியலை லினக்ஸில் வரிவரியாகப் படித்தால், ஒவ்வொரு சொல்லின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத 13 ஒட்டிக்கொண்டிருக்கும். சரியாக எழுதிய சொல்லும் அகராதியில் இல்லை என்றே விடை வரும். நோட்பேட் யூனிக்ஸ் வரி முடிவைப் புரிந்துகொண்டதே 2018-இல்தான். எல்லாக் கோப்பிலும் 13-ஐக் கண்மூடித்தனமாக நீக்குவதும் தீர்வல்ல: படக் கோப்பில் அந்த எண் படத்தின் ஒரு பகுதி, நீக்கினால் படம் கெடும். எழுத்துக் கோப்பு எது என்று தெரிந்து, படிக்கும் வாசலில் ஒருமுறை மாற்றி, எழுதும்போது எந்த முடிவு வேண்டும் என்பதை நிரலில் சொல்லிவிட வேண்டும்.