ஓசை கேட்கிறது, பேச்சுக் கேட்கவில்லை

சென்ற உயிர்ப்புக் காலத்தில் நம் பங்கின் இல்லங்களை மந்திரிக்கச் சென்றபோது, கடற்கரைத் தெருவிலுள்ள ஒரு வீட்டின் திண்ணையில் எழுபத்தெட்டு வயது மூதாட்டி ஒருவர் தனியே அமர்ந்திருக்கக் கண்டோம். உள்ளே கூடத்தில் தொலைக்காட்சி முழங்கிக் கொண்டிருந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் மூத்த மகன் வாங்கி அனுப்பிய ஹோம் தியேட்டர், ஐந்து ஸ்பீக்கர்களுடனும் பருத்ததொரு சப்வூஃபருடனும் அக்கூடத்தை அலங்கரித்தது. “அம்மாவுக்குக் காது போய்விட்டது சாமி. எவ்வளவு சத்தம் வைத்தாலும் விளங்கவில்லை என்கிறார்கள். அதனால் இப்போதெல்லாம் உள்ளே வந்து உட்காருவதே இல்லை” என்றார் இளைய மகன்.

மூதாட்டியிடம் கேட்டோம். தாழ்ந்த குரலில்தான் கேட்டோம். உடனே விடை வந்தது. “சத்தம் கேக்குது சாமி. பேச்சுத்தான் கேக்கல.”

அந்தச் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. கூடத்திற்குள் சென்று செவி கொடுத்தோம். இசை இடியென ஒலித்தது. பேசுவோர் குரலோ, தகர டப்பாவிற்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்துச் சிதறியது. நமக்கும் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை. முழுச் செட்டையும் மாற்ற வேண்டுமெனக் கடைக்காரர் ஒருவர் கூறிவிட்டாராம். அதற்கான பணத்தை அனுப்ப மூத்த மகனும் ஆயத்தமாயிருந்தார்.

குருமடத்தில் பயின்ற நாட்களில் சிற்றாலய ஒலிபெருக்கியைப் பேணும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. அந்த அனுபவத்தை நம்பி, “ஒரு மாலைப் பொழுது கொடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்வோம்” என்றோம். அன்று கண்டறிந்தவை பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

குறையைத் தேடும் முறை எளிது. ஒலி நான்கு படிகளைக் கடந்து நம் செவியை அடைகிறது. முதலாவது, ஒலி பிறக்கும் இடமாகிய தொலைக்காட்சி அல்லது பென் டிரைவ். இரண்டாவது, அதற்கு வலுவூட்டும் ஆம்ப்ளிஃபயர். மூன்றாவது, வயரும் ஸ்பீக்கரும். நான்காவது, நாம் அமர்ந்திருக்கும் அறை. ஒவ்வொரு படியாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் குறை தீர்ந்தாலும் காரணம் தெரியாது.

முதலில் தொலைக்காட்சியை விட்டு, பென் டிரைவிலிருந்து ஒரு பாடலை ஒலிக்கச் செய்தோம். கரகரப்பு அப்படியே இருந்தது. ஆகவே குறை தொலைக்காட்சியில் இல்லை என்பது உறுதியாயிற்று.

உங்கள் இல்லத்தில் இச்சோதனையின்போது ஒலி தெளிந்துவிட்டால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைக் கவனியுங்கள். ‘பிட்ஸ்ட்ரீம்’ என்றிருப்பதை ‘பி.சி.எம்.’ என மாற்றிப் பாருங்கள். தனக்குப் புரியாத வடிவில் ஒலி வந்து சேர்ந்தால், சில கருவிகள் ஊமையாகும். சில வெறும் இரைச்சலைக் கொட்டும். ஹெட்போன் துளையிலிருந்து இணைப்பு எடுத்திருந்தால் தொலைக்காட்சியின் ஒலியளவைக் குறையுங்கள். அளவுக்கு மிஞ்சிய ஒலி நுழையும் இடத்திலேயே சிதைந்துவிடும்.

அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்தோம். (வயரைத் தொடுமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னரும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.) நடு ஸ்பீக்கரின் வயரை இடப்பக்க ஸ்பீக்கரிலும், இடப்பக்க வயரை நடு ஸ்பீக்கரிலும் மாற்றிப் பொருத்தினோம். இரண்டும் ஒரே செட்டைச் சேர்ந்தவையாதலால் இவ்வாறு செய்யலாம். இப்போது கரகரப்பு இடப்பக்கத்திலிருந்து வந்தது! ஆகவே நடு ஸ்பீக்கர் நிரபராதி. குற்றம் வயரில் இருக்கலாம், அல்லது ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம்.

பழையபடி பொருத்தி, நடு ஸ்பீக்கருக்கு மட்டும் வேறொரு வயரை இணைத்தோம். கரகரப்பு மறைந்தது. பழைய வயரின் முனையைப் பார்த்தால் உப்புக் காற்றுப் பட்டுப் பச்சை படிந்து, இரண்டொரு செம்பு இழைகளே ஒட்டிக் கொண்டிருந்தன. கெட்ட பகுதியை நறுக்கி எறிந்து, மேலுறையை அரை அங்குலம் சீவி, பளபளக்கும் புதிய செம்பை முறுக்கி இறுகப் பொருத்தினோம். செலவு ஏதுமில்லை.

வயரைப் பொருத்தும்போது சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு முனை கறுப்பிலும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் அது மாறினால் தாழ்ந்த ஒலி மெலியும். குரலும் நடுவில் நிலைகொள்ளாது. முறுக்கிலிருந்து பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயருக்குக் கேடு.

வயரை மாற்றிய பின்னும் கரகரப்பு ஒரே ஸ்பீக்கரில் நிலைத்தால், மின்சாரத்தை நிறுத்தி, அதன் காகிதக் கூம்பை விரல்களால் சுற்றிலும் சமமாக, மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை கேட்டால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் இடம் பெயர்ந்திருக்கிறது. கூம்பின் விளிம்பிலுள்ள நுரை வளையம் நம் ஈரக் காற்றில் சில ஆண்டுகளில் நைந்து உதிர்வதும் உண்டு. அப்போது அந்த ஒரு ஸ்பீக்கரை மட்டும் பழுது பார்த்தால் போதும்.

தலை இடிக்கும் ஒலி

கரகரப்பு நின்றது. ஆயினும் ஒலியளவை ஏற்றியபோது குரல் மீண்டும் உடைந்தது. இதற்குக் காரணம் வேறு. ஒவ்வோர் ஆம்ப்ளிஃபயருக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. நெடிய மனிதர் ஒருவர் தாழ்ந்த வாயிலில் குனியாமல் நுழைந்தால் தலை இடிக்குமன்றோ? அதுபோல, வரம்பை மீறி எழும் ஒலியலையின் முடி வெட்டுண்டு போகிறது. அந்த வெட்டுத்தான் நம் செவிக்குக் கரகரப்பாகத் தோன்றுகிறது. கூர்மையான ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்களை எரித்துவிடவும் அது வல்லது.

ஒலியை 3 டெசிபெல் உயர்த்த இருமடங்கு மின்திறன் வேண்டும். செவிக்கு இருமடங்காகத் தோன்றச் செய்ய ஏறத்தாழ 10 மடங்கு வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகள் ‘பாஸ்’ எனும் தாழ்ந்த ஒலியை முழுமையாக ஏற்றி வைத்திருந்தனர். ஆம்ப்ளிஃபயரின் வலிமையெல்லாம் அதற்கே செலவாகி, குரலுக்கு மிச்சமில்லாமற் போயிற்று. பாஸைப் பாதியாகக் குறைத்தவுடன் குரல் உடைவது நின்றது.

அப்போதும் ‘கிண் கிண்’ என ஓர் அதிர்வு தொடர்ந்தது. சப்வூஃபரே பழுதென்று பிள்ளைகள் சாதித்தார்கள். கண்ணாடி அலமாரியின் மீது கையை வைத்தோம்; ஓசை அடங்கிற்று. முறையிட்டது சப்வூஃபர் அன்று, உள்ளே அடுக்கியிருந்த எவர்சில்வர் தம்ளர்கள்!

குரலுக்கு இடம் கொடுங்கள்

ஐந்து ஸ்பீக்கர்கள் கொண்ட அமைப்பில் பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கர் வழியாகவே வருகிறது. அந்த வீட்டிலோ அது தட்டின் உட்கோடியில் தள்ளப்பட்டு, முன்னே பூவேலைத் துணியால் மறைக்கப்பட்டிருந்தது. துணியை நீக்கி, தட்டின் விளிம்புவரை முன்னே இழுத்து, அமர்ந்திருப்போர் செவியை நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தோம். கருவியின் அமைப்பில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 3 டெசிபெல் உயர்த்தினோம். ‘நைட் மோட்’ என்றொரு வசதியும் பல கருவிகளில் உண்டு. அது வெடியோசையைத் தாழ்த்தி மெல்லிய பேச்சை உயர்த்தும்.

பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பதால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லை மூடுகிறது. தரையில் ஒரு ஜமக்காளம், சன்னலில் கனத்த திரை இருப்பின் பெரிதும் குறையும்.

பின்னர் மூதாட்டியை உள்ளே அழைத்தோம். முன்பு வைத்திருந்ததிற் பாதி ஒலியளவே இருந்தது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தார். சற்று நேரம் கேட்டிருந்த பாட்டி, “நாளைக்கு மழையாம், நெல்லை உள்ளே எடுத்து வையுங்கள்” என்று மருமகளிடம் கூறினார். அனைவரும் சிரித்துவிட்டோம். இளைய மகன் மட்டும் சிரிக்கவில்லை. தாயின் அருகே சென்று தரையில் அமர்ந்து கொண்டார்.

பாட்டியின் செவியில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. முதுமையில் முதலில் மங்குவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் ஆற்றலே. உயிரெழுத்துகளின் ஓசை வலியது. க, ச, த, ப போன்ற மெய்களின் ஓசை மெல்லியது, கூரியது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுபவையோ பெரும்பாலும் இந்த மெய்களே. ஆதலால் முதியோருக்கு ஓசை கேட்கும், பேச்சு விளங்காது. இரைச்சலைக் கூட்டுவதால் அது தீராது. தெளிவைக் கூட்ட வேண்டும். செவி மருத்துவரிடம் ஒருமுறை காட்டுமாறு அவர்களிடம் சொல்லி வந்தோம். அவ்வாறே சென்றும் வந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சில நாட்களாகக் கூடத்திற்கு வராமல் திண்ணையில் அமர்ந்திருக்கக் கூடும். அவருக்குக் காது கேட்கவில்லை என்று தீர்ப்பிடுமுன், அவர் அமரும் இடத்தில் சிறிது நேரம் நீங்களே அமர்ந்து கேட்டுப் பாருங்கள். பிறகு வயரைப் பாருங்கள். அவரோடு பேசும்போதும் உரக்கக் கத்தாமல், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.