சர்வர் படுத்துட்டா யாரைக் கூப்பிடுவீங்க?

ரிசல்ட் வரும் நாள். பக்கம் திறக்கவில்லை. உடனே என்ன செய்வோம்? "கம்ப்யூட்டர் சென்டர் அண்ணனுக்கு ஒரு போன் போடுப்பா!" அண்ணன் சர்வரை அணைத்துப் போடுவார், பக்கம் வந்துவிடும். எல்லோரும் மறந்துவிடுவோம். அடுத்த செமஸ்டரிலும் அதே கதைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இது மூன்று முறை நடந்தது. மூன்றாவது முறை அண்ணன் ஊரில் இல்லை, தங்கை கல்யாணம். பாஸ்வேர்டு அவர் தலைக்குள் மட்டுமே இருந்தது. மேற்படிப்புக்கு அன்றே விண்ணப்பிக்க வேண்டிய பிள்ளைகள் மதிப்பெண் தெரியாமல் வராந்தாவில் நின்றார்கள். தப்பு அண்ணன் மீது இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஆளை நம்பி விட்ட ஏற்பாட்டின் மீதுதான்.

இதற்கான வழிமுறைகளைத் தொகுத்ததுதான் ஐடிஐஎல். 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் சிசிடிஏ என்ற அமைப்பு, அரசுத் துறைகளின் கணினிச் சேவைகளுக்காக உருவாக்கியது. 2019இல் வந்த நான்காம் பதிப்பில் 34 நடைமுறைகள் இருக்கின்றன. பயப்படாதீங்க, ஒரு பல்கலைக்கழகம் மூன்றில் தொடங்கினால் போதும்.

ஒன்று, கோளாறு வேறு, அதன் காரணம் வேறு. நின்றுபோன சேவையைச் சீக்கிரம் மீட்பது 'இன்சிடென்ட்' வேலை. ஏன் நின்றது என்று தோண்டுவது 'ப்ராப்ளம்' வேலை. அண்ணன் முதலாவதை நன்றாகவே செய்தார். இரண்டாவதைச் செய்ய யாருமே இல்லை.

இரண்டு, முன்னுரிமை. எத்தனை பேருக்குப் பாதிப்பு, எவ்வளவு அவசரம் என்ற இரண்டு கேள்விதான். பதவி கணக்கில் வராது. செய்முறைத் தேர்வு நடக்கும் லேபில் நெட்வொர்க் போனால், துணைவேந்தர் அறை பிரிண்டர் காத்திருக்கத்தான் வேண்டும். நம்ம ஊரில் கஷ்டமான பாடம் இதுதான்!

மூன்று, மாற்றத்துக்கு ஒழுங்கு. யார், எப்போது, எதை மாற்றுகிறார், சொதப்பினால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவது என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஒரு வசதி உண்டு. எந்த வாரம் நெரிசல் என்று கல்வி நாட்காட்டியே சொல்லிவிடும். அட்மிஷன், தேர்வு, ரிசல்ட் வாரங்களில் அவசரப் பழுது தவிர எதிலும் கை வைக்காமல் இருந்தாலே பாதித் தலைவலி குறையும்.

பெரும்பாலும் எங்கே சறுக்குகிறது? டிக்கெட் மென்பொருளை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான். ஒவ்வொரு துறையும் தனி ராஜ்யம். "நான் எதுக்குங்க டிக்கெட் போடணும்?" என்று பேராசிரியர் கேட்பார். நியாயம்தான். டிக்கெட் போட்டுப் பதில் வராவிட்டால் யாரும் பழையபடி போனுக்குத்தான் போவார்கள். ஆகவே அவர் போனிலேயே சொல்லட்டும், எடுப்பவர் பதிவு செய்துகொள்ளட்டும். எத்தனை டிக்கெட் முடித்தோம் என்பதைவிட, அதே கோளாறு எத்தனை முறை திரும்பி வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கல்லூரியில் இப்போது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, எப்படிச் சரி செய்தோம் என்று மூன்றே பத்திகள். பாஸ்வேர்டுகள் சீலிட்ட உறையில் முதல்வர் அறை பீரோவில். அண்ணன் இப்போதெல்லாம் நிம்மதியாக லீவு எடுக்கிறார்.