பாரம் ஏற்றும் பிக்கப் வாகனத்தின் சுக்கானும் வில்லும்

மாட்டு வண்டில் வைத்திருந்த கமக்காரர், அச்சுக்கு மை இடாது சந்தைக்குப் புறப்பட்டதில்லை. மை காய்ந்த சில்லு கிறீச்சிட்டு ஊரையே எழுப்பிவிடும். மாடும் இழுக்கத் தயங்கும். இக்காலத்தில் வெங்காயத்தையும் கத்தரியையும் நெல்லையும் சுமந்து செல்லும் பிக்கப் வாகனமோ அவ்வளவு வெளிப்படையாக முறையிடுவதில்லை. எஞ்சின் பழுதுற்றால் வாகனம் வழியில் நின்றுவிடும். ஒருநாட் சந்தை நட்டத்துடன் காரியம் முடிந்துவிடும். சுக்கான் பழுதுற்றாலோ வாகனம் நிற்பதில்லை, ஓடிக்கொண்டே வழிதவறும். பண்ணைத் தாம்போதியில் இரு மருங்கும் கடல்நீர் இருக்க, முன்சில்லு ஒன்று தன்போக்கிற் திரும்பினால் நேரக்கூடியதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறான பழுது பெரும்பாலும் ஒரே நாளில் உண்டாவதன்று. பல கிழமைகளுக்கு முன்னரே அடையாளங்கள் தோன்றும். அவற்றைக் காண்பதற்குக் கராச்சு வேண்டுவதில்லை. அரைமணி நேரமும் ஒரு துணையாளும் போதும்.

குடாநாட்டின் இயல்பும் இப்பழுதுகளுக்கு ஏதுவாகின்றது. வலிகாமத்துச் செம்மண் கோடையில் நுண்ணிய தூளாகி, மூட்டுகளிற் கசிந்து நிற்கும் கிறீசுடன் கலந்து, அரம்போல் இரும்பைத் தேய்க்கும். மாரியில் அதே மண் சேறாகி வில்தகடுகளின் இடையே புகுந்து ஈரத்தைத் தாங்கி நிற்கும். காரைநகர், வேலணை முதலிய பக்கங்களுக்குச் சென்று வரும் வாகனங்களை உப்புக்காற்றும் அரிக்கும். இவற்றினும் பலர் கவனியாதது உரமாகும். தட்டிற் சிந்திய உரம் ஈரத்துடன் கரைந்து கீழிறங்கினால், வில்லிலும் அடிச்சட்டத்திலும் கறள் விரைந்து பிடிக்கும். உரம் ஏற்றிய அன்றே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுதல் வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது கழுவாது விடுவதினும் சிறந்ததன்று.

பாரத்தைப் பற்றியும் இங்கு கூறல் வேண்டும். குடாநாட்டில் ‘பட்டா’ என வழங்கும் சிறு வாகன வகையைச் சேர்ந்த டாட்டா ஏஸ், 2005ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாக வெளிவந்தபோது முக்கால் தொன் பாரத்துக்கென அமைக்கப்பட்டிருந்தது. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ எனக் கொண்டால், 750 கிலோ என்பது 35 புசல் மட்டுமே. புதிதாய் அறுத்த ஈரநெல்லாயின் இன்னும் குறையும். இதன் இருமடங்கை ஏற்றிவிட்டு, வில் தாழ்ந்ததென்று கராச்சில் மேலதிகத் தகடு ஒன்று போடுவிப்போர் பலர். தகடு கூடியதால் வாகனம் நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மையே. ஆனால் அச்சும் தடுப்பும் ரயரும் முன்னிருந்தபடியே இருக்கின்றன. பின்பாரம் மிகுந்தால் முன்சில்லுகள் நிலத்தை அழுத்துவது குறைந்து, சுக்கான் இலேசாகி, வாகனம் சாரதியின் கைக்கு அடங்காது போகும். மூடைகளின் மேல் ஆட்களை ஏற்றும் வழக்கமோ எவ்வகையிலும் விடத்தக்கது.

இனிச் சோதிக்கும் முறை. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளை நேராக வைத்து, சுக்கான் வளையத்தை விரலால் மெல்ல இருபுறமும் அசைக்க வேண்டும். துணையாள் முன்சில்லைப் பார்த்துக்கொண்டிருத்தல் வேண்டும். சில்லு அசையாமல் வளையம் மட்டும் இரண்டு விரலகலத்துக்கு மேல் ஓடுமாயின், எங்கோ தேய்வு உண்டென அறியலாம்.

பின்னர், பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, முன்புறத்தை ஜக்கினால் உயர்த்துக. மழைக்குப்பின் செம்மண்ணில் ஜக் புதையும். அடியிற் தடித்த பலகை இடுதல் நன்று. ஜக்கை மட்டும் நம்பி எவரும் வாகனத்தின் கீழ் நுழையலாகாது. அடிச்சட்டத்துக்கு வைரமான மரக்குற்றி கொடுக்க வேண்டும்; சீமெந்துக்கல் சடுதியாக நொறுங்கும்.

உயர்ந்த சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் காணின், துணையாளைத் தடுப்பை மிதிக்கச் செய்து மீண்டும் ஆட்டுக. ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சில்லின் பெயறிங்கில் உள்ளது; நிற்காவிடின் கிங்பின்னிலோ அதன் புஷ்ஷிலோ உள்ளது. சில்லின் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது அசைவு தோன்றின், இரு முன்சில்லுகளையும் இணைக்கும் ரை ரொட்டின் முனை மூட்டுகளைப் பார்க்க வேண்டும். முனையின் றப்பர் உறை கிழிந்திருந்தால், ஆட்டம் தோன்றாவிடினும் அம்மூட்டு நெடுநாள் நில்லாது.

கிங்பின்னுக்குக் கிறீஸ் ஏற்றுவதற்கும் சில்லு உயர்ந்திருக்கும் நேரமே தகுந்தது. பாரம் நீங்கியபின்னரே அடிப்புறம் வரை கிறீஸ் சென்றடையும். முதலில் நிப்பிளைத் துடைக்க வேண்டும். துடையாது ஏற்றினால் மண்ணையும் சேர்த்து ஏற்றியதாகும். கறுத்த பழைய கிறீஸ் வெளியேறிப் புதியது தோன்றும்வரை அழுத்துக. கிறீஸ் ஏறாவிடின் நிப்பிள் அடைபட்டுள்ளது. அதனைக் கழற்றி மாற்றல் வேண்டும். றப்பர் புஷ்களுக்கோ கிறீசும் எண்ணெயும் ஆகா. அவை றப்பரை ஊதச்செய்து கெடுக்கும்.

1990ஆம் ஆண்டின் பின், எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி உழைத்த பழைய மொறிஸ் மைனர் வாகனத்தை இன்றும் பேணி வருவோர் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். அதன் முன்சில்லின் கீழ்மூட்டு புரிகளால் ஆனது. கிறீஸ் இன்றிப் புரி தேய்ந்தால் மூட்டு ஒருநாள் சடுதியாகக் கழன்று, சில்லு உடலின் கீழ் மடிந்துவிடும். எஞ்சினை உயிர்போலப் பேணிய வாகனங்களும் இச்சிறு மூட்டினால் வீழ்வதுண்டு.

வில்லைப் பார்ப்பது இலகு. வெறும் வாகனத்தைச் சமதரையில் நிறுத்திச் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை இருபக்கமும் அளந்தால், தாழ்ந்த பக்கம் தெரியும். தகடுகளைச் சுரண்டித் துடைத்து, யூ போல்ட்டுக்கு அண்மையில் வெடிப்பு உண்டோவெனப் பார்க்க வேண்டும். தகடுகளைக் கோக்கும் நடு போல்ட் முறிந்தால் அச்சு பின்தள்ளி, வாகனம் நண்டுபோற் சரிந்து ஓடும். பின்னால் வருபவர் இதனை எளிதிற் காண்பார், சாரதிக்குத் தெரியாது. ஆகையால் மாதம் ஒருமுறையேனும் வேறொருவரை ஓட்டச்செய்து உரிமையாளர் பின்னின்று பார்த்தல் நன்று.

முறிந்த வில்தகட்டை ஒட்டுவேலை செய்விப்பது வீண்செலவு. நெருப்புப் பட்ட இடத்தில் உருக்கின் வலு கெட்டு, ஒட்டின் அருகே மீண்டும் முறியும். சுக்கான் தண்டுகளிலும் மூட்டுகளிலும் ஒட்டுவேலை செய்வித்தல் உயிராபத்தாகும். அவற்றைப் புதிதாகவே மாற்றல் வேண்டும். ரை ரொட் முனையின் நட்டை இறுக்கியபின் பின் துளை பொருந்தாவிடின், நட்டைப் பின்னே தளர்த்தாது சற்று முன்னே இறுக்கிப் பொருத்த வேண்டும். பின்னும் புதியதாயிருத்தல் வேண்டும். பழையதை நிமிர்த்தி மீண்டும் இடுவது சில ரூபாவை மீதப்படுத்தும் வழக்கம். வயல் வரம்பில் நண்டுத்துளையைப் புல்லால் அடைப்பதற்கு ஒப்பானது. முனை மாற்றியபின் முன்சில்லுகளின் நேர்மையைக் கருவி உள்ள கராச்சில் அளப்பியாவிடின், புதிய ரயரும் விரைவில் ஓரம் தேயும்.

இச்சோதனையை வருடத்தில் இருமுறை செய்தல் தகும். ஆயுதபூசையன்று வாகனத்துக்குச் சந்தனப் பொட்டிடுவோர் அன்றே கீழும் குனிந்து பார்ப்பாராயின், மாரிக்கு முன்னைய சோதனை முடிந்துவிடும். மற்றையது மழை ஓய்ந்து காலபோக அறுவடை தொடங்குமுன் செய்யத்தக்கது. வில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தால், பாரத்துடன் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் யூ போல்ட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை இறுக்குவிக்க வேண்டும். தகடுகள் அமர்ந்தபின் அவை தளர்வது வழக்கம்.