குஞ்சம் வைத்த டம்ளர் விரிப்பும் நமது கடையும்

மளிகை வியாபாரிகள் படிக்கும் இதழில் குரோஷா பின்னலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் நினைக்கலாம். இருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம் கடைகளுக்கு வந்து போகும் தாய்மார்களில் கைவேலை தெரிந்தவர்கள் அநேகம். அவர்கள் நூல் கண்டும் குரோஷா ஊசியும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். "பாரீசுக்குப் போனால் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பி விடுகிறோம். வேறு சிலர் தாங்கள் பின்னிய சாமானைப் பையில் போட்டு எடுத்து வந்து, "அண்ணாச்சி, இதைக் கடையில் வைத்து விற்றுத் தருவீர்களா?" என்று கேட்கிறார்கள். அதற்கும் நாம் சரியாகப் பதில் சொல்வதில்லை. முதல் கேள்வியில் லாபம் இருக்கிறது. இரண்டாவதில் லாபத்தோடு ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. இரண்டையும் விவரம் தெரிந்து செய்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

பின்னல் சாமான்களில் மிக எளியது டம்ளர் விரிப்பு. கோஸ்டர் என்று பேன்சி கடைகளில் சொல்லுவார்கள். 4 அங்குலச் சதுரம், இரண்டு ஓரங்களில் குஞ்சம், அவ்வளவுதான். சென்னை வெயிலில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே வேர்த்துக் கொட்டும். அது டீப்பாய் மேல் வட்டம் வட்டமாகக் கறை போடும். சுடச் சுடக் காப்பி டபராவை வைத்தால் மரப் பாலிஷ் வெளுத்துப் போகும். பருத்தி விரிப்பு தண்ணீரையும் உறிஞ்சும், சூட்டையும் தாங்கும்.

பருத்தி என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். கடைகளில் "உல்லன்" என்று சொல்லி விற்கும் பளபளப்பான கலர் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். குல்லாய்க்கும் தோரணத்துக்கும் அது போதும். டம்ளர் விரிப்புக்கு ஆகாது. தண்ணீரை இழுக்காது, அதிகச் சூடு பட்டால் இளகும். வாங்க வருகிறவரிடம் இதைச் சொல்லி விற்கிற கடைக்காரரை அந்த அம்மா மறக்க மாட்டார்.

குரோஷா நூலில் இரண்டு தரம் உண்டு. ஒன்று மெல்லிய முறுக்கு நூல், 20-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று வருவது. நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஜவுளிக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு நுனி மெல்லிய ஸ்டீல் ஊசி வேண்டும், வேலையும் மெதுவாக நடக்கும். மற்றொன்று 4 இழை சேர்த்த கனமான பருத்தி நூல். இதற்கு 3.5 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி பொருந்தும். புதிதாகப் பழகுகிறவருக்கு இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் மதுரையில் ஹார்வி மில் என்று சொன்ன ஆலைதான் பிற்பாடு மதுரா கோட்ஸ் ஆயிற்று. அவர்களுடைய ஆங்கர் நூல், தையல் தெரிந்த வீடுகளில் எல்லாம் தெரிந்த பெயர்.

இன்னொரு நூலும் இருக்கிறது, அது நமக்கே சொந்தம். அந்தக் காலத்தில் மளிகைக் கடை உத்தரத்தில் ஒரு டப்பா தொங்கும். அதன் அடியில் ஓட்டை போட்டு, பொட்டலம் கட்டும் வெள்ளை நூலை இறக்கி விட்டிருப்போம். இழுத்து, நாலு சுற்றுச் சுற்றி, விரலில் வெட்டென்று அறுப்போம். பாலிதீன் பை வந்து அந்த நூல் டப்பாவை ஒழித்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்த பிறகு சில கடைகளில் காகிதப் பொட்டலமும் நூலும் திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பொட்டல நூலிலேயே டம்ளர் விரிப்பு பின்னலாம். கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும், கலர் இருக்காது. பழகுவதற்கு அதைவிட மலிவான நூல் கிடையாது.

இனிச் செய்முறை. கடைக்காரருக்கு இது எதற்கு என்று கேட்க வேண்டாம். வெல்லம் விற்கிறவருக்குப் பாகு பதம் தெரிந்திருந்தால் வெல்லம் கூடுதலாகப் போகும்.

நூல் நுனியில் ஒரு சுருக்கு போட்டு ஊசியில் மாட்டிக் கொள்ள வேண்டும். ஊசியின் கொக்கியால் நூலைப் பிடித்து அந்தச் சுருக்கின் வழியே இழுத்தால் ஒரு சங்கிலிக் கண்ணி. இப்படி 19 கண்ணி. பிறகு ஊசிக்கு அடுத்த கண்ணியை விட்டு, இரண்டாவது கண்ணியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசி மேல் இரண்டு வளையம் நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து அந்த இரண்டு வளையத்தின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்து விட வேண்டும். ஒரு பின்னல் ஆயிற்று. கடைசி வரை இப்படியே போட்டால் 18 பின்னல் வரும். வேலையைத் திருப்பிப் பிடித்து, ஒரு சங்கிலி போட்டு, மறுபடியும் 18. சுமார் 20 வரிசையில் சதுரம் வந்து விடும். சிலருக்குக் கை இறுக்கம், சிலருக்குத் தளர்வு. ஆகவே வரிசைக் கணக்கைவிட, நீளமும் அகலமும் சமமானதும் நிறுத்துவதே சரி. முடிவில் 6 அங்குலம் விட்டு நூலை நறுக்கி, கடைசி வளையத்தில் இழுத்து, மீதியைப் பின்னலுக்குள் கோத்து மறைத்து விட வேண்டும்.

புதியவர்களின் விரிப்பு சதுரமாக வராமல் முக்கோணமாகக் குறுகிக் கொண்டே போகும். வரிசையின் கடைசிப் பின்னல் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப் போவதே காரணம். ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் 18 இருக்கிறதா என்று எண்ணச் சொல்ல வேண்டும். இன்னொரு குழப்பமும் உண்டு. இதே பின்னலை அமெரிக்கப் புத்தகங்கள் சிங்கிள் குரோஷா என்றும் இங்கிலாந்துப் புத்தகங்கள் டபுள் குரோஷா என்றும் எழுதுகின்றன. புத்தகத்தைப் பார்த்துப் போட்டு அளவு தப்பியதாகச் சொல்கிறவர்களிடம், அது எந்த நாட்டுப் புத்தகம் என்று முதலில் கேட்க வேண்டும்.

பூந்தமல்லி, திருவேற்காடு பக்கம் வாசல் திண்ணையில் உட்கார்ந்து முழக் கணக்கில் பூ கட்டும் பெண்களுக்கு இந்த வேலை வெகு சீக்கிரம் பிடிபடும். நூலை விரலில் இறுக்கியும் தளர்த்தியும் பிடிக்கும் பக்குவம் அவர்கள் கையில் முன்பே இருக்கிறது.

குஞ்சத்துக்கு ஊதுவத்தி அட்டையில் 2 அங்குல அகலத் துண்டு ஒன்றை வெட்டிக் கொண்டு, அதன் மேல் நூலைச் சுற்றி, ஒரு பக்கம் கத்தரித்தால் 4 அங்குல இழைகள் கிடைக்கும். ஓர் இழையை இரண்டாக மடித்து, ஓரத்துப் பின்னலில் ஊசியை நுழைத்து, மடிப்பை இழுத்து, அந்த மடிப்புக்குள் இரண்டு நுனியையும் விட்டு இறுக்க வேண்டும். ஒரு பின்னல் விட்டு ஒரு பின்னலாகக் கட்டினால் ஓர் ஓரத்துக்கு 9, எதிர் எதிராக இரண்டு ஓரத்துக்கும் 18 குஞ்சம். நூல் செலவு 72 அங்குலம், அதாவது 2 கெஜம். முடிவில் 1 அங்குலம் இருக்கும்படி ஒழுங்காகக் கத்தரித்து விட வேண்டும். நீளக் குஞ்சம் அழகு என்று சிலர் விடுகிறார்கள். அது மடிந்து டம்ளருக்கு அடியில் போனால் டம்ளர் சாயும், காப்பி மடியில்.

6 விரிப்பு கொண்ட ஒரு செட்டுக்கு 100 கிராம் கண்டு தாராளம், மீதியும் இருக்கும்.

இந்தக் கலையில் வியாபாரிகளான நாம் தெரிந்து கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஸ்வெட்டர் பின்னலுக்கு இயந்திரம் இருக்கிறது, லேசுக்கும் இருக்கிறது. உண்மையான குரோஷாவை இன்றுவரை மனிதக் கைதான் போடுகிறது. எவ்வளவு மலிவாக எங்கே விற்றாலும் அதன் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார். அயர்லாந்தில் 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது, குடும்பங்கள் பிழைக்க இந்த ஊசி உதவியது. நம் வியாபாரிகளில் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள். இடையன்குடி லேசைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்களுக்கு லேஸ் வேலை கற்றுக் கொடுத்தார். அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு அதைக் கொண்டு போனார். அது தலையணை மேல் குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும் வேறு வகை வேலை. ஆனாலும் ஏழைப் பெண்ணின் கையில் காசு சேர வேண்டும் என்ற நோக்கம் அதில் இருந்தது.

ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபூரில் நடந்ததை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அங்கே குரோஷா லேஸ் பெரிய ஏற்றுமதித் தொழில். ஏஜெண்டு நூலைக் கொடுப்பார், பெண்கள் வீட்டில் பின்னிக் கொடுப்பார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அந்தப் பெண்களிடையே தங்கி ஆராய்ந்து 1982-ல் ஒரு நூல் வெளியிட்டார். நாள் முழுதும் பின்னியும் அவர்களுக்குக் கிடைத்தது குறைந்தபட்சக் கூலியில் ஒரு சிறு பகுதிதான் என்று அதில் காட்டினார். "வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுது போக்காகச் செய்வது" என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பெண்களும் அப்படியே நினைத்தார்கள். அந்த நினைப்பில்தான் வியாபாரம் கொழுத்தது. 2024-ல் நரசாபூர் குரோஷா லேசுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் கிடைத்த மரியாதை கூலியிலும் சேர்கிறதா என்பது அங்கே வாங்கி விற்கிறவர்களின் கையில் இருக்கிறது.

நம் ஊரிலும் இந்தக் கலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள், மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற குழுவினர். தனித்தனிப் பெண்கள் வீட்டில் பின்னிய துண்டுகளை இணைத்துச் செய்தது அது.

இனிக் கணக்குக்கு வருவோம். பழகிய கைக்கு ஒரு விரிப்பு, குஞ்சம் உட்பட, 40 நிமிடம் என்று வைத்துக் கொள்வோம். 6 விரிப்புக்கு 4 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று போட்டால் 200 ரூபாய். நூலுக்கு உத்தேசமாக 60 ரூபாய். அடக்கம் 260 ஆகிறது. நமக்கு 50 ரூபாயாவது வேண்டும், ஆக 310. பக்கத்துக் கடையில் ரப்பர், பிளாஸ்டிக் கோஸ்டர் செட் அதில் பாதி விலைக்குள் கிடைக்கும். அந்த விலையோடு போட்டி போட நினைத்தால் குறைப்பதற்கு இருப்பது அந்த 200 ரூபாய் ஒன்றுதான். நூல்காரர் குறைக்க மாட்டார், நாமும் நம் 50-ஐ விட மாட்டோம். நரசாபூர் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது. இந்தப் போட்டியில் நாம் இறங்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

அப்படியானால் எங்கே விற்கும்? ஆர்டரின் பேரில் விற்கும். நவராத்திரி கொலுவுக்கு வரும் சுமங்கலிகளுக்குத் தாம்பூலத்தோடு என்ன வைத்துக் கொடுப்பது என்று ஆண்டுதோறும் தேடுகிறார்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தையே எத்தனை வருஷம் கொடுப்பது? ஜோடி டம்ளர் விரிப்பு 100 ரூபாய் என்றால் வாங்க ஆள் உண்டு. சீமந்தம், கிரகப்பிரவேசத்துக்கும் அப்படியே. ஆடி மாதத்திலேயே ஒரு மாதிரியைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக் கொண்டு, அந்த முன்பணத்தைப் பின்னுகிறவருக்கு நூல் செலவுக்குக் கொடுத்து விடலாம். விற்றால் தருகிறேன் என்று சரக்கை வாங்கி வைத்து, அது ஆறு மாதம் தூசி படிந்து, "போகவில்லை, எடுத்துக் கொண்டு போங்கள்" என்று திருப்பிக் கொடுப்பது வியாபாரம் ஆகாது.

இதைவிட முக்கியமானது ஒன்று. பின்னிக் கொண்டு வரும் அம்மா பெரும்பாலும் நம் பற்று வரவு நோட்டில் இருப்பவர்தான். 400 ரூபாய்க்கு விரிப்பு கொடுத்தால், "பழைய பாக்கியில் கழித்துக் கொள்கிறேன்" என்று சொல்ல நம் வாய் துடிக்கும். பாக்கி குடும்பத்துப் பாக்கி. பின்னியது அவர் கை. நோட்டில் கழித்தால் அந்தப் பணத்தை அவர் கண்ணால் பார்க்க மாட்டார், அடுத்த மாதம் பின்னவும் மாட்டார். ரொக்கமாகக் கையில் கொடுத்து, அதைத் தனி நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். அதே பணத்தில் அவரே ஒரு பகுதியைப் பாக்கிக்குக் கட்டினால் அது அவர் விருப்பம். பெரும்பாலோர் கட்டுவார்கள், நாம் கேட்காவிட்டாலும்.

பொதுவாகக் கடைக்கு நிச்சயமான வருமானம் நூலிலும் ஊசியிலும்தான் வரும். ஒரு செட்டுச் சாமான் விற்பதற்குள் பத்துக் கண்டு நூல் போகும். ஆறேழு கலர் போதும்: வெள்ளை, சந்தனம், மெரூன், பச்சை, மஞ்சள், நீலம். ஊசியில் 3.5, 4 மில்லிமீட்டர் இரண்டும் இருந்தால் ஆரம்பத்துக்குச் சரி. வாங்கும்போது கண்டின் மேல் சுற்றியுள்ள சீட்டில் லாட் நம்பரைப் பார்த்து, ஒரே லாட்டாக எடுக்க வேண்டும். கலர் எண் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் சற்று மாறும். ஆறு விரிப்பில் இரண்டு மட்டும் வெளுத்துத் தெரிந்தால் திட்டு நமக்குத்தான். வாடிக்கையாளரிடமும் வேண்டியதை ஒரே தடவையில் வாங்கச் சொல்ல வேண்டும். கருஞ்சிவப்பு, கருநீலக் கண்டுகளில் ஓர் இழையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டினால் அந்த லாட்டைத் திருப்பி விடலாம்.

நூலை மூடி போட்ட கண்ணாடிப் பெட்டியில், எண்ணெய் டின்னுக்கும் மசாலாத் தூளுக்கும் எட்டத்தில் வைக்க வேண்டும். பெருங்காயத்துக்குப் பக்கத்தில் மட்டும் கூடவே கூடாது. பருத்தி வாசனையை இழுத்து வைத்துக் கொள்ளும், இரண்டு தடவை துவைத்தாலும் போகாது.