டேட்டாஸ்டோர் அழியவில்லை, சர்வர்தான் ஏற்க மறுக்கிறது

விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருளான விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. ஏப்ரல் 2 என்று முதலில் அறிவித்து, பிறகு ஆறு மாதம் தள்ளிவைத்த கெடு இது. கெடு நெருங்க நெருங்க, பழைய வட்டுகளைப் புதிய சர்வரில் அவசரமாகப் பொருத்தியவர்கள் எழுதிய கடிதங்களில் ஒரே கலக்கம்: “வட்டு தெரிகிறது, டேட்டாஸ்டோரைக் காணோம். எல்லாம் போய்விட்டதா?”

வட்டு தெரிந்து டேட்டாஸ்டோர் மட்டும் தெரியவில்லை என்றால், தகவல் அப்படியே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சர்வர்தான் அதை ஏற்க மறுக்கிறது.

டேட்டாஸ்டோர் தங்கியிருக்கும் விஎம்எஃப்எஸ் வால்யூம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாளம் (யுயுஐடி) உண்டு. அதோடு, தான் எந்த வட்டில் உருவானதோ அந்த வட்டின் அடையாள எண்ணையும் வால்யூம் தன் தலைப்பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. சர்வர் வட்டுகளைத் தேடும்போது எழுதியிருக்கும் எண்ணையும் எதிரில் உள்ள வட்டின் எண்ணையும் ஒப்பிடும். ரெய்டு கன்ட்ரோலரை மாற்றினாலோ, ஸ்டோரேஜில் லன்னை (தருக்க வட்டை) இடம் மாற்றினாலோ இந்த எண் மாறக்கூடும். சர்வே எண் மாறிய நிலத்துக்குப் பழைய பட்டாவை நீட்டுவதுபோல்தான்: நிலம் அதேதான், ஆவணம் செல்லாது. “இது அசல் அல்ல, நகல்” என்று முடிவு செய்து சர்வர் வால்யூமை மவுன்ட் செய்யாமல் விட்டுவிடுகிறது.

யோசித்தால் அருமையான ஏற்பாடு. அசலும் நகலும் ஒரே அடையாளத்தோடு ஒரே சர்வருக்குத் தெரிந்தால், எழுத வேண்டியதை எதில் எழுதுவது? தவறான பிரதியில் எழுதினால் இரண்டும் கெட்டுவிடும். ஆனால் விஎம்வேர் இதைத் தகவல் பாதுகாப்பு என்று சொல்வதில் பாதிதான் உண்மை. மறுத்ததற்கான காரணம் விஎம்கெர்னல் லாகில் ஒரு வரியாகக் கிடக்கிறது. நிர்வாகி பார்க்கும் பட்டியலிலோ வால்யூம் இடம்பெறுவதே இல்லை. அதைவிடக் கவலை தருவது நிர்வாக மென்பொருளான விசென்டரில் புதிய டேட்டாஸ்டோர் சேர்க்கும் திரை. பழைய அடையாளத்தை வைத்துக்கொள்வது, புதிய அடையாளம் தருவது, வட்டை ஃபார்மேட் செய்வது என்ற மூன்றும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. முதல் இரண்டும் தகவலைக் காப்பாற்றும், மூன்றாவது அழித்துவிடும். பதற்றத்தில் இருப்பவர் முன் இவற்றை ஒரே வரிசையில் வைத்தது தவறு.

அசல் வால்யூம் வேறெங்கும் இணைக்கப்படவில்லை என்பது உறுதியானால் பழைய அடையாளத்தையே வைத்துக்கொள்ளுங்கள். புதிய அடையாளம் தந்தால் திரும்ப முடியாது. டேட்டாஸ்டோரின் பெயருக்கு முன்னால் ‘ஸ்னாப்’ என்ற ஒட்டு வரும். மெய்நிகர் இயந்திரங்களை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். முதல்முறை இயக்கும்போது “நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?” என்று கேட்டால் ‘நகர்த்தினேன்’ என்றே சொல்லுங்கள். நகல் என்றால் மேக் முகவரி மாறி, அதை நம்பியிருக்கும் லைசென்ஸும் ஐபி ஒதுக்கீடும் குழம்பும்.

விசென்டர் இல்லையா? கட்டளை வரியில் இஎஸ்எக்ஸ்சிஎஃப்ஜி-வால்யூம் இருக்கிறது: சிறிய ‘எல்’ பட்டியல் காட்டும், சிறிய ‘எம்’ அடுத்த ரீபூட் வரை மவுன்ட் செய்யும், பெரிய ‘எம்’ நிரந்தரமாக.

வட்டே தெரியவில்லையா? கன்ட்ரோலருக்கான டிரைவரைப் பாருங்கள். 7-ஆம் பதிப்பிலேயே பழைய லினக்ஸ் வகை டிரைவர்களை நீக்கிவிட்டார்கள்.

பார்ட்டிஷன் அட்டவணை அழிந்திருந்தால்? முதலில் வட்டை முழுமையாகப் படியெடுங்கள், பழுதுபார்ப்பது அதற்குப் பிறகு.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்கு மாறுகிறவர்கள்? அதன் 8.2 பதிப்பு முதல் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ சர்வரிலிருந்து மெய்நிகர் இயந்திரங்களை நேரடியாக இறக்குமதி செய்யலாம். இறக்குமதி முடியும்வரை பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும்.

மெய்நிகர் இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட் காப்புப் பிரதி ஆகுமா? ஆகாது.

இன்னும் வட்டைக் கழற்றாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு டேட்டாஸ்டோரின் பெயர், யுயுஐடி, வட்டின் அடையாள எண் மூன்றையும் இன்றே எழுதி, அந்த சர்வருக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள்.